கதைகளில் வரும் குழந்தைகள் ஏன் களங்கமற்றவர்களாகவே இருக்கிறார்கள்?

உங்கள் கதையின் சுருக்கத்தையும் அதற்குக் கிடைத்த எதிர்வினையையும் சேர்த்துப் படித்தபோது, நீங்கள் கேட்டிருப்பது ஒன்று, உங்களை உறுத்திக்கொண்டிருப்பது வேறொன்று என்று தோன்றியது. புனைகதைகளில் குழந்தைகள் எப்போதும் கள்ளங்கபடமற்றவர்களாகவே வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கதையில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன், தான் உடைத்த கண்ணாடிக்காக ஐந்து வயதுத் தங்கையைக் கைகாட்டிவிட்டு, அவள் அம்மாவிடம் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். படித்த நண்பர்கள், எந்தக் குழந்தையும் இப்படிச் செய்யாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது குழந்தைகளைப் பற்றிய உண்மையா, அல்லது கதைகளைப் படித்துப் படித்து அவர்களுக்குள் ஊறிப்போன ஒரு நம்பிக்கையா என்பதே உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகளாகப் புனைகதை இலக்கியம் கற்பித்து வருகிறேன். சிறுகதைக் கைப்பிரதிகளைப் படித்துச் செம்மைப்படுத்தும் பணியும் செய்கிறேன். குழந்தை உளவியல் என் துறையன்று. அதன் ஆய்வுகளை என் வேலைக்குத் தேவையான அளவு படித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆகவே கதைகளைப் பற்றிச் சொல்வதை என் பொறுப்பில் சொல்கிறேன்; குழந்தைகளின் மனத்தைப் பற்றிச் சொல்லும்போது, ஆய்வாளர்களிடையே உடன்பாடு உள்ளவற்றையும் விவாதத்தில் இருப்பவற்றையும் பிரித்துக் காட்ட முயல்கிறேன்.

குழந்தை களங்கமற்றது என்று சொல்லும்போது இரண்டு வெவ்வேறு கூற்றுகளை நாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். குழந்தைக்குத் தெரியாதவை நிறைய இருக்கின்றன என்பது ஒரு கூற்று. குழந்தையால் தீங்கு நினைக்க முடியாது என்பது மற்றொன்று. முதலாவது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. மரணம் திரும்ப முடியாதது, பணம் தீர்ந்துபோகக்கூடியது, பெரியவர்கள் பொய் சொல்வார்கள், தான் சொல்லும் ஒரு சொல்லால் இன்னொருவரின் வாழ்க்கை மாறிவிடும் என்பவற்றையெல்லாம் குழந்தை ஒவ்வொன்றாகத்தான் கற்றுக்கொள்கிறது. இரண்டாவது கூற்றுக்கு அப்படிப்பட்ட அடிப்படை எதுவும் இல்லை. குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட நல்ல கதைகளையும் மோசமான கதைகளையும் பிரிக்கும் கோடு பெரும்பாலும் இங்கேதான் விழுகிறது என்பது என் அனுபவம். நல்ல கதை, குழந்தைக்குத் தெரியாததை மிகக் கூர்மையாகப் பயன்படுத்தும். மோசமான கதை, குழந்தைக்கு ஆசையே இல்லை என்று பாவனை செய்யும்.

தீங்கு நினைக்க முடியாது என்ற கூற்றை ஆய்வுகள் எவ்வாறு பார்க்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனிதர் தம் வாழ்நாளில் மிக அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் ஏறத்தாழ இரண்டு வயதிலிருந்து நான்கு வயதுக்குள் என்பதைக் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வன்முறையை வளர வளரக் கற்றுக்கொள்கிறோம் என்பதைவிட, அதை அடக்கத்தான் வளர வளரக் கற்றுக்கொள்கிறோம் என்பது உண்மைக்கு நெருக்கமானது. பொய்யும் அவ்வாறே. பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதை ஒட்டிச் சிறு பொய்களைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். 1983-இல் விம்மர், பெர்னர் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக்குப் பிறகு, மற்றவர் மனத்தில் தவறான நம்பிக்கை ஒன்று இருக்கலாம் என்பதை நான்கு வயதைத் தாண்டும்போதுதான் குழந்தைகள் தெளிவாகச் சொல்லத் தொடங்குகிறார்கள் என்பது பலமுறை சோதிக்கப்பட்டிருக்கிறது. இன்னொருவர் எதை அறிவார், எதை அறியமாட்டார் என்று ஊகிக்கும் அந்தத் திறன்தான் நல்ல பொய்யருக்கும் வேண்டும், பிறர் துன்பத்தை உணர்பவருக்கும் வேண்டும். ஆகவே எட்டு வயதுச் சிறுவன் பழியைத் தங்கைமேல் போடுவதில் வியப்படைய எதுவுமில்லை. மூன்று வயதுக் குழந்தையின் பொய் அடுத்த கேள்வியிலேயே உடைந்துவிடும். எட்டு வயதுச் சிறுவனால் இரண்டு மூன்று கேள்விகளுக்குத் தாக்குப்பிடிக்கும்படி அதைக் கட்டிக் காக்க முடியும்.

இதைப் படித்துவிட்டுக் குழந்தைகள் இயல்பில் தீயவர்கள் என்ற எதிர்முனைக்குப் போய்விடக் கூடாது. 2006-இல் வார்னெக்கன், டோமசெல்லோ ஆகியோர் செய்த சோதனைகளில், பதினெட்டு மாதக் குழந்தைகள், முன்பின் தெரியாத ஒருவர் கைதவறிக் கீழே போட்டதை எடுத்துக் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை, பரிசும் இல்லை. உதவும் உந்துதல் அவ்வளவு சிறு வயதிலேயே தென்படுகிறது என்பது உறுதி. இதற்கு மேலே போய், பேச்சு வருவதற்கு முன்பே குழந்தை நல்லவரையும் கெட்டவரையும் பிரித்தறிந்து நல்லவரையே தேர்ந்தெடுக்கிறது என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. ஒரு பொம்மை மலையேறுகிறது; ஒன்று அதற்குக் கைகொடுக்கிறது, ஒன்று தள்ளிவிடுகிறது; ஆறு மாதக் குழந்தையும் கைகொடுத்த பொம்மையையே எடுத்தது. இது உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. ஆனால் பல ஆய்வகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிய அளவில் அதைத் திரும்பச் செய்து 2024-இல் வெளியிட்டபோது, அந்த விருப்பம் தென்படவில்லை. எனவே குழந்தை பிறவியிலேயே அறம் அறிந்தது என்பதை இன்றைக்கு யாராவது அறிவியல் உண்மையாகச் சொன்னால் நான் ஏற்கத் தயங்குவேன்.

அப்படியானால் இந்தத் தூய குழந்தை எங்கிருந்து வந்தது? ஐரோப்பிய மரபைப் பொறுத்தவரை அதன் தடம் ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. கி.பி. 400 வாக்கில் கிறித்தவ இறையியலாளர் அகஸ்டின் தம் தன்வரலாற்றில், இன்னும் பேசத் தொடங்காத ஒரு குழந்தை, தன்னோடு பால் குடிக்கும் இன்னொரு குழந்தையைப் பொறாமையால் முகம் வெளிறிப் பார்த்ததைக் குறிப்பிட்டு, குழந்தையிடமும் பாவம் உண்டு என்று வாதிட்டார். பல நூற்றாண்டுகள் செல்வாக்கோடு இருந்த பார்வை அது. 1693-இல் கல்வியைப் பற்றி எழுதிய ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக், குழந்தையின் மனத்தை வெள்ளைத் தாளுக்கு ஒப்பிட்டார். அதே நூலில், கையில் அகப்பட்ட பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் குழந்தைகள் வதைப்பதையும் மறைக்காமல் எழுதினார். திருப்பம் 1762-இல் தத்துவவாதி ரூசோ கல்வியைப் பற்றி எழுதிய 'எமில்' என்ற நூலோடு வருகிறது. படைத்தவன் கையிலிருந்து வரும்போது எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, மனிதன் கைபட்டுத்தான் கெடுகின்றன என்று அவர் தொடங்கினார். அங்கிருந்து கற்பனாவாதக் கவிஞர்கள், அவர்களிடமிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவலாசிரியர்கள் என்று அந்தக் குழந்தை கைமாறிக்கொண்டே வந்தது. இதில் ஒரு எச்சரிக்கை தேவை. குழந்தைப் பருவம் என்ற கருத்தே நவீன காலத்தின் கண்டுபிடிப்பு என்று 1960-இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியஸ் எழுதியதைப் பலர் இன்னும் முடிந்த முடிவாகச் சொல்கிறார்கள். பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் ஆராய்ந்த பிற்கால வரலாற்றாசிரியர்கள், குறிப்பாக 1983-இல் லிண்டா போலக், அதை வலுவாக மறுத்திருக்கிறார்கள். பெற்றோர் குழந்தைகளை எப்போதும் குழந்தைகளாகவே பார்த்தார்கள். மாறியது, கலையும் சமயமும் குழந்தைக்குக் கொடுத்த அர்த்தம்.

நம் மொழியின் பழைய மரபைப் பார்த்தால் வேறொரு காட்சி தெரிகிறது. புறநானூற்றில் பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய குழந்தை குறுகுறுவென்று நடந்து வந்து, சோற்றில் கைவிட்டுத் துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. வள்ளுவர் சொல்லும் இன்பமும் அந்தச் சிறு கை அளாவிய கூழில்தான் இருக்கிறது. குழந்தை தூய்மையானது என்று இருவரும் சொல்லவில்லை. குழந்தை இருக்கும் வீட்டுக்கு அது கொடுக்கும் மகிழ்ச்சியைச் சொல்கிறார்கள். பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவத்துக் குழந்தை, சிறுமியர் கட்டி விளையாடும் மணல் வீட்டை மிதித்து அழிக்கப் போகிறது. அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். பெரியாழ்வாரின் கண்ணன் வெண்ணெயை விழுங்கியதோடு நிற்பதில்லை. வெறும் கலத்தைக் கல்லில் எறிந்து, அது உடையும் ஓசையைக் கேட்டு மகிழ்கிறான். தெய்வமே குழந்தையாக வரும் இடத்திலும் திருட்டும் அழிப்பும் வேடிக்கை பார்க்கும் மனமும் விலக்கப்படவில்லை. இதை வைத்து, நம் முன்னோர்கள் குழந்தையை முழுதாகப் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று நான் உரிமை கொண்டாடமாட்டேன். அவை பெரியவர்களின் மகிழ்ச்சியைப் பாடும் பாடல்கள், குழந்தையின் உள்ளத்துக்குள் அவை போவதில்லை. ஆனால் குறும்பில்லாத, ஆசையில்லாத, அழுக்குப்படாத குழந்தை நம் இலக்கியத்தில் பிற்காலத்தில்தான் பெருகியது என்பது என் கணிப்பு. மேலை நாவல்களின் தாக்கமும், பிறகு திரைக்கதைகளின் தேவைகளும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். இது கணிப்பு மட்டுமே.

எழுத்தாளர்களுக்கு இந்தத் தூய குழந்தை ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்பதற்கு வருகிறேன். அது கதையில் வேலை செய்கிறது என்பதுதான் நேர்மையான பதில். கெட்ட மனிதன் எவ்வளவு கெட்டவன் என்பதைக் காட்ட ஓர் அளவுகோல் வேண்டும். குழந்தையை அவன் எதிரில் நிறுத்தினால் போதும். கல்நெஞ்சக்காரன் திருந்துவதற்கு நம்பும்படியான காரணம் வேண்டும். ஒரு குழந்தை அவன் விரலைப் பிடித்துக்கொண்டால் வாசகர் அதற்கு மேல் கேள்வி கேட்பதில்லை. எல்லாவற்றையும்விட எளிதான வேலை, குழந்தையைச் சாகவிடுவது. 1840-41-இல் தொடராக வந்த நாவலில் ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸ் படைத்த நெல் என்ற சிறுமியும், அமெரிக்க அடிமை முறையைப் பற்றி ஸ்டோ என்ற பெண் எழுத்தாளர் எழுதி 1852-இல் நூலாக வெளிவந்த நாவலில் வரும் ஈவாவும் அந்த நூற்றாண்டின் வாசகர்களைக் கதறவைத்தார்கள். குழந்தைகள் பெருமளவில் இறந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கண்ணீரில் வாசகர்கள் தாங்களே பறிகொடுத்த பிள்ளைகளுக்கான கண்ணீரும் கலந்திருந்திருக்கும். அதை நான் எளிதாகக் கருதவில்லை. ஆனால் அந்தச் சிறுமிகள் கதைக்குள் எதை விரும்பினார்கள், எதைக் கண்டு எரிச்சலடைந்தார்கள், யாரிடம் கோபித்துக்கொண்டார்கள் என்று தேடிப் பாருங்கள். கிடைப்பது மிகச் சொற்பம். பிறருக்காகவே விரும்புகிறார்கள், பிறருக்காகவே வருந்துகிறார்கள். அவர்கள் சுற்றியிருப்பவர்களின் மனத்தைப் பிரதிபலிக்கும் கண்ணாடிகள்; கண்ணாடிக்குத் தனக்கென்று முகம் கிடையாது. என் கைக்கு வரும் கதைகளில் குழந்தை இப்படி வெறுமையாக இருக்கும்போது, அந்தப் பாத்திரம் நல்லதாக இருப்பதில் எனக்குக் குறை எதுவும் தோன்றுவதில்லை. அதன் இடத்தில் ஒரு நாய்க்குட்டியை வைத்தாலும் கதை மாறாது என்பதுதான் குறை.

அறியாமையை உண்மையாகக் கையாண்ட படைப்புகள் வேறு வகையாக இயங்குகின்றன. ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் 1789-இல் வெளியிட்ட தொகுப்பிலும் 1794-இல் அதனோடு சேர்த்த பகுதியிலும் புகைபோக்கி துடைக்கும் சிறுவனைப் பாடினார். முதல் பாடலில் அந்தச் சிறுவன், கடமையைச் செய்தால் தீங்கு வராது என்று தனக்குச் சொல்லப்பட்ட ஆறுதலை அப்படியே நம்புகிறான். அவன் நம்புகிறான் என்பதாலேயே நமக்கு உடல் பதறுகிறது. அவனுடைய களங்கமின்மை, அவனை அந்த வேலைக்கு விற்றவர்கள் மீதான குற்றச்சாட்டாக மாறுகிறது. இரண்டாவது பாடலின் சிறுவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில்தான் பிளேக்கின் பார்வை இருக்கிறது. நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1897-இல் எழுதிய நாவலில், மணமுறிவு பெற்ற பெற்றோருக்கு இடையில் பந்தாடப்படும் ஒரு சிறுமியின் பார்வையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். பின்னாளில் அதற்கு எழுதிய முன்னுரையில், சிறு குழந்தைகளுக்கு உணரத் தெரிந்தவை ஏராளம், அவற்றைச் சொல்லச் சொற்கள்தான் குறைவு என்ற கருத்தை முன்வைத்தார். குழந்தையை வைத்து எழுதும் எவருக்கும் இதைவிடப் பயனுள்ள குறிப்பை நான் கண்டதில்லை. நம்மில் பலர் இதற்கு நேர்மாறாகச் செய்கிறோம்; குழந்தைக்கு உணர்வுகளைக் குறைத்து, சொற்களை அழகாகக் கொடுத்துவிடுகிறோம்.

தமிழில் இதற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. குழந்தைகளிடம் மிகுந்த பிரியம் கொண்ட ஒருவர், அவர்களில் இருவருக்கு மட்டும் புத்தாண்டு நாட்குறிப்பு கொண்டுவந்து கொடுக்கிறார். சாரங்கன் என்ற சிறுவனுக்கு இல்லை. அவன் அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. மறுபடியும் மறுபடியும் அவரைத் தன் வீட்டுக்கு வரும்படி அழைக்கிறான். அவர் போனதும், தானே வாங்கி வைத்திருந்த நாட்குறிப்பை எடுத்து நீட்டி, தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக அதில் எழுதச் சொல்கிறான். அந்தச் சிறுவனிடம் பொறாமை இருக்கிறது, மானம் இருக்கிறது, பல நாள் யோசித்துச் செய்த ஏற்பாடு இருக்கிறது, கண்டிப்பாகப் பார்த்தால் ஒரு பொய்யும் இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் அவன் நம் நெஞ்சைப் பிளக்கிறான். அவனைத் தூய்மையாக்கியிருந்தால், நாட்குறிப்பு கிடைக்காததைப் புன்னகையோடு ஏற்றுக்கொண்டிருப்பான். நாமும் அவனை மறந்திருப்போம். அந்தக் கதையில் உண்மையிலேயே எதையும் அறியாமல் நடந்துகொள்பவர், குழந்தைகளை நன்றாகப் புரிந்துகொண்டதாக நம்பிய பெரியவர்தான்.

தூய குழந்தைக்கு மாற்றாகக் கொடிய குழந்தையைப் படைத்துவிட்டால் உண்மையைத் தொட்டுவிட்டதாகச் சிலர் எண்ணுகிறார்கள். தனித்தீவில் ஒதுங்கிய சிறுவர்கள் கொலைவெறிக்கு இறங்குவதாக ஆங்கில நாவலாசிரியர் கோல்டிங் 1954-இல் எழுதிய நாவலை இதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அது போரைக் கண்ட ஒருவர் மனிதகுலத்தைப் பற்றி எழுதிய உருவகக் கதை. அதிலும் குழந்தைகள் பெரியவர்களின் கருத்தொன்றைச் சுமக்கத்தான் பயன்படுத்தப்படுகிறார்கள். அதை மறுக்கப் பலர் கையிலெடுக்கும் நிகழ்ச்சி, 1965-இல் பசிபிக் தீவு நாடான டோங்காவைச் சேர்ந்த ஆறு பள்ளி மாணவர்கள் படகில் தத்தளித்து, ஆளில்லாத அட்டா தீவில் ஓராண்டுக்கு மேல் ஒற்றுமையாக வாழ்ந்து, 1966-இல் மீட்கப்பட்டது. அது உண்மையில் நடந்தது, நெகிழவைப்பதும்கூட. என்றாலும் அவர்கள் ஒருவரையொருவர் முன்பே அறிந்த பதின்வயதினர். ஒரே ஒரு நிகழ்ச்சி. அந்த நாவல் குழந்தைகள் தீயவர்கள் என்று நிறுவாததைப் போலவே, இந்த நிகழ்ச்சியும் அவர்கள் தூயவர்கள் என்று நிறுவிவிடாது.

இந்த விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. களங்கமின்மை என்ற பட்டத்தைக் கதைகள் எல்லாக் குழந்தைகளுக்கும் சமமாக வழங்குவதில்லை. மேலே சொன்ன ஸ்டோவின் நாவலிலேயே, வெள்ளைக்காரச் சிறுமி ஈவா தேவதைபோல் வருகிறாள். அதே வீட்டுக்கு அடிமையாக வாங்கி வரப்படும் கறுப்பினச் சிறுமி டாப்ஸி திருடுகிறாள், பொய் சொல்கிறாள், தான் பொல்லாதவள் என்று தானே அறிவிக்கிறாள். அடித்து அடித்து வளர்க்கப்பட்டதால்தான் அவள் அப்படி ஆனாள் என்று காட்ட ஸ்டோ முயன்றார். ஆனாலும் வாசகர் மனத்தில் தங்கியது தேவதையும் குறும்புக்காரியும்தான். இது கதையோடு முடிகிற காரியமன்று. 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பத்து வயதைத் தாண்டிய கறுப்பினச் சிறுவர்களை மற்றச் சிறுவர்களைவிடக் குறைந்த களங்கமின்மை உடையவர்களாகவும், உண்மையான வயதைவிட மூத்தவர்களாகவும் பங்கேற்றவர்கள் மதிப்பிட்டார்கள். களங்கமின்மையைக் குழந்தைமையின் அடையாளமாக ஆக்கிவிட்டால், அது இல்லாதவராகத் தோன்றும் குழந்தை குழந்தையாகவே கருதப்படாமல் போகும் அபாயம் இருக்கிறது. பசியால் திருடும் குழந்தை, வேலைக்குப் போய்ப் பெரியவர்களின் பேச்சைக் கற்றுக்கொண்ட குழந்தை, முறைத்துப் பார்க்கும் குழந்தை ஆகியோருக்கு நம் இரக்கம் சட்டென்று குறைந்துவிடுகிறது. தீங்குக்கு ஆளான குழந்தைகள் அதை உடனே சொல்வதில்லை. பாதி சொல்வார்கள், மாற்றிச் சொல்வார்கள், சில வேளைகளில் சொன்னதையே மறுப்பார்கள். இது அத்தகைய குழந்தைகளோடு பணியாற்றுவோர் நன்கறிந்த செய்தி. கண்ணீரோடு உண்மையை மட்டும் ஒப்பிக்கும் தூய குழந்தையைக் கதைகளில் பார்த்துப் பழகிய பெரியவர், இந்தக் குழந்தையை நம்பமாட்டார். பொய் சொல்லத் தெரிந்த குழந்தைக்கும் அநீதி இழைக்கப்படலாம் என்பதை வாசகர்களுக்குப் பழக்கப்படுத்தும் வலிமை புனைகதைக்கு இருக்கிறது. அதனால்தான் உங்கள் சிறுவனைத் திருத்திவிடாதீர்கள் என்று இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் நண்பர்கள் சொன்னதை முழுவதும் தள்ளிவிடவும் வேண்டாம். குழந்தை இப்படிச் செய்யாது என்று வாசகர் சொல்லும்போது, பெரும்பாலும், இந்தக் குழந்தை இதைச் செய்யும் என்று நான் நம்பும்படி நீங்கள் எதையும் தரவில்லை என்பதே அதன் பொருள். நீங்கள் அனுப்பிய சுருக்கத்தில், சிறுவன் கண்ணாடியை உடைத்ததும் நேராகத் தங்கையைக் கைகாட்டுகிறான். அவன் எதைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் செய்தான்? அடிக்குப் பயந்தானா, அல்லது 'என் பிள்ளை பொய்யே சொல்லமாட்டான்' என்று அம்மா முந்தைய நாள் யாரிடமோ சொன்னதைக் கேட்டிருந்தானா? பின்னது என்றால், நல்ல பிள்ளை என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்ளவே அவன் பொய் சொல்கிறான். பெரியவர்கள் அவன்மேல் ஏற்றிவைத்த தூய்மையே அவனை அந்தப் பொய்க்குத் தள்ளுகிறது. அடுத்து, அவனுக்கு எது தெரியாது என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். தங்கைக்குத் திட்டு விழும் என்று மட்டும்தான் அவன் நினைத்தான், அடி விழும் என்று தெரியாது என்று வைத்துக்கொண்டால், அவன் நிற்கும் அந்த நிமிடம் முற்றிலும் வேறாகிவிடும். அவன் செய்தது குற்றம்தான். ஆனால் அதன் அளவு அவன் கண்முன்னே வளர்கிறது, நிறுத்தும் வழி அவனுக்குத் தெரியவில்லை. எட்டு வயதின் அறியாமை என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். சிறுவனுக்குத் தீங்கைக் கொடுத்த கையோடு, தூய்மை முழுவதையும் தங்கையின் தலையில் வைத்துவிட்டீர்கள். அவள் எதுவும் கேட்பதில்லை, மறுப்பதில்லை, அடி வாங்கிய பிறகு அண்ணனையே பார்த்துச் சிரிக்கிறாள். ஐந்து வயதுக் குழந்தை தான் செய்யாத தவற்றுக்கு அடி வாங்கினால் வீடே அதிரக் கத்தும். 'அண்ணன்தான், அண்ணன்தான்' என்று நூறு முறை சொல்லும். யாரும் நம்பவில்லை என்றால், அன்றைக்கே அவனுடைய எதையாவது ஒளித்துவைக்கும். அவள் கத்தட்டும். அவள் கத்தக் கத்த அம்மா நம்பாமல் போவதில்தான் உங்கள் கதையின் வலி இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அந்தச் சிரிப்பு அதை மறைத்துவிடுகிறது.

கடைசியாக, கதைசொல்லும் குரலைப் பற்றி. இந்தக் கதையை எட்டு வயதுச் சிறுவனே சொல்கிறானா, வளர்ந்த பிறகு நினைத்துப் பார்த்துச் சொல்கிறானா என்பது சுருக்கத்திலிருந்து தெளிவாகவில்லை. இரண்டும் கலந்து வருவதுபோல் இருக்கிறது. வளர்ந்தவன் சொன்னால், தன் குற்றத்தை அவன் பெயரிட்டுச் சொல்லிவிட முடியும். அது எளிதாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெயர் வந்ததும் வாசகர் அவனை மன்னிக்கத் தயாராகிவிடுவார். எட்டு வயதின் பார்வையிலேயே நிறுத்தினால் குற்ற உணர்வு என்ற சொல்லே உங்களுக்குக் கிடைக்காது. வயிறு பிசைந்தது, கண்ணாடித் துண்டு ஒன்று இன்னும் கட்டிலுக்கடியில் கிடந்தது, அம்மாவின் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது என்பன போன்றவற்றைக் கொண்டுதான் எழுத வேண்டியிருக்கும். இந்தக் கதைக்கு நான் இரண்டாவதைப் பரிந்துரைப்பேன். முதல் இரண்டு பக்கங்களை அந்தப் பார்வையில் மட்டும் திரும்ப எழுதி, முன்பு படித்த அதே நண்பர்களிடம் கொடுங்கள். அவர்கள் எந்த வரியில் நம்பத் தொடங்கினார்கள், எந்த வரியில் நம்பவில்லை என்று மட்டும் கேளுங்கள்.